கரையில் கூப்பிட்ட பெயர்

"வார்யா, இருநூத்திப் பன்னெண்டு, பனிக்கட்டி அசையல. எழுதிக்கிட்டேன்க்கா" என்றாள் தொலைபேசியில் மாவட்ட அலுவலகத்து ஷான்னா.

ரிசீவரைக் கீழே வைக்கப்போன கபிதோலினா மறுபடி காதோடு சேர்த்துப் பிடித்தாள். ஆற்றின் நீர்மட்டத்தை சென்டிமீட்டரில் அளந்து தினமும் காலை எட்டு மணிக்கு மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடமாகச் சொல்கிறாள். ஆற்றின் பெயர் லுகேர்யா. வார்யா அவளுடைய ஏழு வயது மகள்.

"ஆத்துப் பேரைச் சொல்லுன்னா எம் பொண்ணு பேரைச் சொல்றியே."

"ஆத்துப் பேரைத்தானே சொன்னேன். காலங்காத்தாலயே வோட்கா கீட்கா போட்டியாக்கா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள் ஷான்னா. அறையில் பிர்ச் விறகுப் புகையும், அடுப்போரம் காயும் கம்பளிக் காலணிகளின் ஈர வாடையும் இருந்தன. வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டும் சத்தம். கபிதோலினா பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவள் கையெழுத்திலேயே இருந்தது: வார்யா ஆறு. மகள் பிறப்பதற்கு நாலு வருடம் முந்தைய பக்கங்களிலும் அப்படியேதான்.

சுவரில் முன்பு இந்த வேலை பார்த்தவர் எழுதி மாட்டிய தாள் தொங்கியது. கருஞ்சதுப்பு நிலத்தில் பிறந்து நாற்பத்தொரு கிலோமீட்டர் ஓடி உன்ஜா நதியில் விழும் ஆறு. ருஷ்யர்கள் கோடரியோடு வருவதற்கு முன்னால், மெழுகும் அணில்தோலும் விற்றுப் பிழைத்த ஜனங்கள் இதற்குப் பெயரே வைக்கவில்லையாம். முதலில் நிலம் அளக்க வந்த எழுத்தர் 'பெயரில்லா ஆறு' என்று குறித்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஏட்டில் மார்ஃபா. அப்புறம் ஸ்தெபனீதா. அப்புறம் லுகேர்யா. எல்லாம் பண்ணையார் வீட்டுப் பெண்கள் பெயராயிருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். இன்றைக்கு லுகேர்யாவுக்குக் கீழே, அதே மங்கிப் பழுத்த மையில், இன்னொரு பெயர் இருந்தது.

மூன்று நாளைக்கு முன்பு நடந்தது நினைவுக்கு வந்தது. மகள் உறைந்த ஆற்றின் நடுவே சறுக்கிக்கொண்டிருந்தாள், பனிக்கட்டியில் விரிசல் விட்டது. ஆற்றங்கரையில் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, விசிலடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏய் என்று கத்த வேண்டும். ஆறு கேட்டுவிடும் என்று ஊரில் எல்லாரும் அப்படித்தான். அவளுக்கும் தெரியும். ஆனால் பதறிப்போய் மூன்று தடவை பெயர் சொல்லியே கத்திவிட்டாள். பிள்ளை ஓடி வந்துவிட்டது. கரையில் நின்றவர்கள்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

வெளியே வந்தாள். கரையில் அர்ஸேனி மாமா தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். கபிதோலினா பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர், அவளைக் காபா என்றுதான் கூப்பிடுவார். வார்யா இந்த வருஷம் சீக்கிரம் உடைஞ்சிரும், மீனும் கடிக்கல என்று தானாகவே குறைப்பட்டுக்கொண்டார். லுகேர்யா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அது யாரு, உங்க அம்மா வழியா என்று கேட்டார்.

"மாமா, எம் பொண்ணு பேரு என்ன?"

அவர் தூண்டிலை மடியில் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார்.

"அதுக்கு நீ இன்னும் பேரே வைக்கலியே, காபா."

வீட்டுக்கு ஓடினாள். விடியலில் இரண்டு தடவை பெயர் சொல்லி எழுப்பியும் பிள்ளை அசையவில்லை. தூக்கக் கலக்கம் என்று விட்டிருந்தாள். இப்போது பெரிய செங்கல் அடுப்பின் கதகதப்பான மேல்திட்டில் படுக்கை காலி. காய வைத்த சின்னக் காலணிகள் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

அங்கே, ஆற்றின்மேல், ஒரு சிவப்புத் தொப்பி.

நடுவை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஓடவில்லை. கடைக்குப் போகிற பிள்ளை மாதிரி.

கரையோரம் பனி உருகி இரண்டு ஆள் நீளத்துக்குக் கறுப்புத் தண்ணீர். கடக்கப் போட்டிருந்த பலகை கீழே மிதந்து போய்க்கொண்டிருந்தது. கபிதோலினா இறங்கினாள். இடுப்பளவு. பிடித்த பனி விளிம்பு உடைந்தது. மறுபடி பிடித்தாள். மறுபடி உடைந்தது.

விசிலடித்தாள். உதட்டில் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை, சத்தமாக. தொப்பி திரும்பவில்லை.

"ஏய்! பாப்பா!"

திரும்பவில்லை. கரையில் அர்ஸேனி மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியாத முகம்.

தூரத்தில் பனி முனகியது. சின்னக் கால்கள் நிற்கவில்லை. இனிக் கூப்பிட ஒன்றுதான் மிச்சம். அவள் பல்லைக் கடித்தாள். அடக்க முடியவில்லை.

"வார்யா!"

"என்னம்மா?"

மகளின் குரல்தான். தூங்கி எழுந்த கரகரப்போடு. இடுப்பைச் சுற்றிய தண்ணீரிலிருந்து வந்தது. பிறகு மேல்வளைவிலிருந்து. பிறகு கீழ்வளைவிலிருந்து. சதுப்பிலிருந்து உன்ஜா வரைக்கும், பனிக்கு அடியில், நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு.

"இங்கதாம்மா இருக்கேன்."

சிவப்புத் தொப்பி திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தது.