மூக்கோரம் ஓர் இடுக்கு

எங்கள் ஊரில் மார்ச் மாதத்துக்குப் பனியா மழையா என்று முடிவெடுக்கவே தெரியாது. இரண்டையும் சேர்த்துக் கொட்டும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் ஹெர்டிஸ் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு ஆறாம் வகுப்புக்கு வந்தார்.

ஹெர்டிஸ் ஓர் இளம் ஆராய்ச்சியாளர். நார்வேயின் இந்தக் கடலோரத்தில் மூளையையும் நரம்புகளையும் பற்றி ஆராய்கிறவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மேற்குக் கரை நரம்பியல் சங்கம் என்று பெயர். ஒவ்வொரு மார்ச்சிலும் சங்கம் தன் இளம் ஆராய்ச்சியாளர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும். அவர்கள் பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றிச் சொல்வார்கள். தங்கள் ஆராய்ச்சிக்குப் பிள்ளைகளிடம் உதவியும் கேட்பார்கள்.

எல்லோரும் காலுறையோடு விளையாட்டுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்தார்கள். ஹெர்டிஸ் சுவரில் ஒரு சிவப்பு வட்டத்தை ஒட்டினார். பெட்டியிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தார். அது தவளைக் கண் போல முட்டிக்கொண்டிருந்தது.

"இதப் போட்டா உலகமே கொஞ்சம் இடது பக்கமா நகர்ந்த மாதிரி தெரியும்" என்றார். "அதனால நீங்க எறியற பந்தும் இடது பக்கம் போயிடும். ஆனா எறிய எறிய மூளை கத்துக்கும். அப்புறம் பந்து வட்டத்துல விழும்."

"அதுக்கப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டா?" என்று கேட்டான் சிவர்ட்.

"அப்பதான் வேடிக்கை! இப்ப வலது பக்கமாத் தப்பும். கண்ணாடி போயிடுச்சுன்னு மூளைக்குத் தகவல் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும்."

கேள்வி கேட்ட பாவத்துக்கு முதல் ஆளாகச் சிவர்ட்டே எழுந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணிப்பந்தை ஓங்கி எறிந்தான். அது வட்டத்தை விட்டு எங்கேயோ போய், பெஞ்சில் இருந்த வகுப்பாசிரியை குன்வோரின் காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தது.

கூடமே சிரித்தது. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவள் ராக்னா.

"டேய் சிவர்ட்! வட்டம் சுவத்துல இருக்குடா! குன்வோரோட காப்பியில இல்ல!"

சிவர்ட்டின் காதுகள் சிவந்தன. மிச்சப் பந்துகளை அவசர அவசரமாக எறிந்துவிட்டு வந்து, தன் காலுறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ராக்னா யார் என்று சொல்ல வேண்டும். பள்ளியின் ஹேண்ட்பால் அணிக்கு அவள்தான் தலைவி. அவள் எறிந்தால் கோல்தான். அதை அவளே அடிக்கடி எல்லோருக்கும் ஞாபகப்படுத்துவாள்.

ஒவ்வொருவராக எறிந்து முடித்து, கடைசியில் ராக்னாவின் முறை வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். வட்டம் எங்கேயோ இருந்தது. நீட்டிய கை யாருடையதோ போல இருந்தது. பின்னால் சிவர்ட் உட்கார்ந்திருக்கிறான். அவள் தவறவிட்டால் இப்போது அவன் சிரிப்பான். அணி முழுவதும் சிரிக்கும்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். மூக்கோரமாக, கண்ணாடிக்கு அடியில் ஓர் இடுக்கு. முகவாயைக் கொஞ்சம் தூக்கினால் போதும், அதன் வழியாக உண்மையான வட்டம் உண்மையான இடத்தில் தெரிந்தது.

அவள் முகவாயைத் தூக்கினாள். எறிந்தாள். நட்டநடு வட்டம்!

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. கண்ணாடியைக் கழற்றிய பிறகும் ஒன்றுகூடத் தப்பவில்லை. வகுப்பே கைதட்டியது. ஹெர்டிஸ் வாயைத் திறந்தபடி நின்றார்.

ராக்னாவும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே போகாமல் உதட்டிலேயே நின்றுவிட்டது.

வியாழக்கிழமை ஹெர்டிஸ் மறுபடியும் வந்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"சனிக்கிழமை நூலகத்துல எங்க சங்கத்தோட கூட்டம்" என்றார். "ஊர்க்காரங்க யார் வேணா வரலாம். என்னை மாதிரி புதுசா ஆராய்ச்சி செய்யறவங்க பேசுவோம். அதுல ஒருத்தருக்கு, இன்னும் ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்யச் சங்கம் உதவி பண்ணும்."

"உங்களுக்குக் கிடைக்கலன்னா?" என்று கேட்டான் சிவர்ட். அவனுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

"எங்க அப்பாவோட சால்மன் பண்ணைக்குப் போய் மீனுக்குத் தீனி போடணும். மீனுங்களுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும். எனக்குத்தான் அந்த வாசனை பிடிக்காது."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஹெர்டிஸ் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். ஒவ்வொரு கோடும் ஒரு பிள்ளையின் பந்துகள் வட்டத்தை விட்டு எவ்வளவு விலகின என்று காட்டியது. நிறையக் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து போயின. நடுவில் ஒரே ஒரு சிவப்புக் கோடு குச்சி மாதிரி நேராக நின்றது.

"இது யாரோடதுன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா இப்படி ஒரு மூளைய நான் பாத்ததே இல்ல. சனிக்கிழமை நான் பேசப் போறதே இந்தச் சிவப்புக் கோட்டப் பத்தித்தான்!"

யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாத் தலைகளும் ராக்னாவின் பக்கம் திரும்பின. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முகம் நெருப்பாகக் கொதித்தது.

"பாருங்க, எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்றார் குன்வோர்.

அதைக் கேட்டதும் மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது ராக்னாவுக்கு.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் வழக்கம்போல டாக்கோ, இறைச்சியும் காய்கறியும் வைத்து மடித்த மொறுமொறு ரொட்டி. அப்பா படகுத்துறையில் வேலை பார்க்கிறவர். செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. அவர் வாயிலிருந்து அக்கரை வரைக்கும் போயிருந்தது.

"படகுல வந்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். "நாளைக்கு எங்க ஆளுங்க மொத்தமா வர்றாங்க. இந்தா, அதிசய மூளைக்கு இன்னொரு டாக்கோ!"

ராக்னா டாக்கோவைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் அப்பா, அணி, வகுப்பு எல்லோர் முன்னாலும் அசிங்கம். சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாது. ஆனால் ஹெர்டிஸ் நாளைக்கு ஊர் முழுக்கக் கூடியிருக்கிற இடத்தில் ஒரு பொய்யைப் பற்றிப் பேசுவார். பொய் என்று தெரியாமலே பேசுவார்.

அவள் எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? டாக்கோ ஆறிடும்!"

"நூலகம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்பா."

நூலகத்தில் ஹெர்டிஸ் தனியாக நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பழகிக்கொண்டிருந்தார். பின்னால் திரையில் சிவப்புக் கோடு ஆள் உயரத்துக்கு நின்றது.

"அட, ராக்னா! வா வா. நாற்காலிங்க கைதட்டவே மாட்டேங்குது. நீயாவது தட்டு."

"நான் எட்டிப் பாத்தேன்" என்றாள் ராக்னா.

"எங்க எட்டிப் பாத்த?"

"கண்ணாடிக்குக் கீழ. மூக்குப் பக்கத்துல ஒரு இடுக்கு இருக்கு. அது வழியா வட்டத்தப் பாத்துத்தான் எறிஞ்சேன். எல்லாத் தடவையும்."

சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது. ஹெர்டிஸ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு திரையை அணைத்தார்.

"திட்டுங்க" என்றாள் ராக்னா.

"உன்ன எப்படித் திட்டறது? கண்ணாடியக் கழட்டின அப்புறமும் உனக்குத் தப்பல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. இடுக்கு இருக்கான்னு பாத்திருக்கணும். நான் பாக்கல." ஹெர்டிஸின் காதுகளும் சிவந்தன. "எனக்கு அந்த மீனுங்க ஞாபகம் வந்துடுச்சு. அதான். வெட்கமா இருக்கு."

பெரியவர்களுக்குக்கூட இப்படி வெட்கம் வரும் என்று ராக்னாவுக்கு இதுவரை தெரியாது.

"என் கோட்ட மட்டும் எடுத்துட முடியாதா?"

"எடுத்துடலாம். ஆனா மத்த கோடெல்லாம் சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது வாசல் பக்கம் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சிவர்ட், வாஃபிள் என்ற கட்டம் போட்ட இனிப்பு அடையைச் சுடும் கனமான இரும்பு அச்சைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். வகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்க, நாளைக்கு ஆறாம் வகுப்பு அங்கே வாஃபிள் விற்கப் போகிறது. அதற்குச் சாமான் கொண்டுவந்திருந்தான்.

"சரியில்ல" என்றான் அவன். "நானும் பாத்தேன். முதல் பந்துக்கு இல்ல. அதுக்கப்புறம்."

"ஏன்டா?" என்றாள் ராக்னா.

"ஏன்னா கேக்கற? நீ சிரிச்சியே, அதுக்கப்புறம் யாரு ஒழுங்கா எறிஞ்சா? இடுக்கு இருக்குன்னு ஒருத்தர் காதுல ஒருத்தர் சொல்லி, அப்பப்ப எட்டிப் பாத்துக்கிட்டாங்க. உனக்குத்தான் யாரும் சொல்லல."

 இடுக்கில் எட்டிப் பார்த்ததுதான் தன் தப்பு என்று ராக்னா நினைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு தப்பு இருந்திருக்கிறது. அந்தப் பெரிய சிரிப்பு.

"சிவர்ட்... நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிடுடா."

சிவர்ட் அச்சைக் கீழே வைத்தான். "கையே போச்சு" என்றான். அதற்கு மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஹெர்டிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்போ நாளைக்குப் பேச என்கிட்ட ஒண்ணுமே இல்ல."

ராக்னா கண்ணாடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் கம்பளிக் காலுறை ஒன்றைக் கழற்றி, சுருட்டி, மூக்கோரத்து இடுக்கில் வைத்து அமுக்கினாள். பொருந்தியது.

"நாளைக்குக் காலையில கூட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் மறுபடி எறியலாம்" என்றாள்.

"மறுபடியும் சிரிப்பாங்களே?" என்றான் சிவர்ட்.

"சிரிப்பாங்க. அதனாலதான் முதல்ல நான் எறியறேன். என்னைப் பாத்து எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சு முடிச்சிடட்டும். அதுக்கப்புறம் மத்தவங்களப் பாத்துச் சிரிக்க யாருக்கும் தெம்பு இருக்காது."

"வேற காலுறை கொண்டுவா" என்றார் ஹெர்டிஸ். "இது நாறுது."

சனிக்கிழமை காலை நூலகம் நிரம்பி வழிந்தது. ஆறாம் வகுப்பு மொத்தமும் வந்திருந்தது. அப்பா படகுத்துறை ஆட்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒட்டிய சிவப்பு வட்டத்துக்கு இடது பக்கம், வாஃபிள் மேசையருகே சங்கத் தலைவர் அஸ்லாக் வெள்ளைத் தாடியோடு நின்று, மாவு கலக்குவதை வேடிக்கை பார்த்தார்.

ராக்னா முன்னால் வந்து நின்றாள். 

"செவ்வாய்க்கிழமை நான் எட்டிப் பாத்துத்தான் எறிஞ்சேன்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. "என் மூளை அதிசய மூளை இல்ல. சாதாரண மூளைதான்."

முன்வரிசையில் அப்பாவின் சிரிப்பு மறைந்தது. படகுத்துறை ஆட்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ராக்னாவால் அதைப் பார்க்க முடியவில்லை. சட்டென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இடுக்கில் சுத்தமான காலுறை. இப்போது எதுவும் தெரியவில்லை, நகர்ந்துபோன வட்டத்தைத் தவிர.

எறிந்தாள்.

"சொதக்!"

பந்து நேராக வாஃபிள் மாவுக்குள் விழுந்தது. அஸ்லாக்கின் தாடியில் மாவு தெறித்துச் சொட்டியது.

 நூலகமே சிரிப்பில் வெடித்தது. நூலகர்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ராக்னாவின் காதுகள் எரிந்தன. ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் அவள் கை அடுத்த பந்தைத் தேடி எடுத்தது.

"விடாதம்மா, எறி!" என்று ஒரு குரல் கேட்டது. அது அப்பா.

அடுத்த பந்து கொஞ்சம் அருகில் போனது. அதற்கடுத்தது இன்னும் அருகில். கடைசியில் வட்டத்தில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஒரு பந்தை எறிந்தாள். பந்து வலது பக்கம் பறந்து ஒரு புத்தக அலமாரியில் மோதியது. ஹெர்டிஸ் சொன்னது அப்படியே நடந்தது!

அதன் பிறகு யாரும் பயப்படவில்லை. எல்லோரும் வரிசையில் முண்டியடித்தார்கள். சிவர்ட் எறிந்தது ஜன்னலுக்குப் போனது. அவனே எல்லோருக்கும் முந்திச் சிரித்தான்.

பிறகு ஹெர்டிஸ் பேசினார். திரையில் சிவப்புக் கோடு இல்லை.

"செவ்வாய்க்கிழமை நான் அளந்தது இவங்க மூளைய இல்ல. கேலிக்கு இவங்க எவ்வளவு பயப்படறாங்கங்கறதத்தான் அளந்திருக்கேன். எனக்கு அன்னைக்கே சந்தேகம் வந்துச்சு. வெளிய சொல்ல வெட்கப்பட்டேன். இன்னைக்குக் காலையில கிடைச்சதுதான் சரியான கோடு. இதுல அதிசயம் எதுவும் இல்ல."

அந்த வருடத்துச் சங்க உதவி, தேனீக்கள் வழி கண்டுபிடிப்பதை ஆராய்ந்த ஓர் இளைஞருக்குப் போனது. ஹெர்டிஸ் கைதட்டினார். ராக்னாவுக்கு அழுகை முட்டியது. எல்லாம் தன்னால்தான்.

அஸ்லாக் தாடியைத் துடைத்துக்கொண்டே ஹெர்டிஸிடம் வந்தார். கையில் காலுறை அடைத்த கண்ணாடி.

"இந்தக் கண்ணாடிய நாங்க எல்லாப் பள்ளிக்கும் அனுப்பறோம்" என்றார். "எல்லாத்துலயும் இந்த இடுக்கு இருக்கு. இத்தன வருஷத்துல யாருமே வாயத் திறக்கல. எல்லாத்தையும் சரிபண்ணி, எல்லாப் பள்ளியிலயும் மறுபடி அளக்கணும். ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கு. நீ செய்வியா? இல்ல, மீனுங்க காத்துக்கிட்டு இருக்கா?"

"மீனுங்க காத்திருக்கட்டும்!" என்றார் ஹெர்டிஸ்.

ராக்னா மூலையில் நின்று நிம்மதியாக மூச்சுவிட்டாள். யாரோ தோளைத் தட்டினார்கள். சிவர்ட். கையில் ஒரு காகிதத் தட்டு, அதில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த சூடான வாஃபிள். புதிதாகக் கலந்த மாவில் சுட்ட முதல் வாஃபிள்.

"இது எதுக்குடா?"

"நான் காப்பியத்தான் கவுத்தேன். நீ தலைவரோட தாடியவே அடிச்சிட்ட. அதுக்கு!"

தவறவிட்டதற்காக ராக்னா வாங்கிய முதல் பரிசு அது. அவள் அதை எல்லோரும் பார்க்கும்படி, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.