மைனஸ் நாற்பதில் ஒரு பிறந்தநாள்

மனிதகுலம் வெப்பத்தை வென்றுவிட்டது என்று நகர்வூர்ச் சபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. வென்ற விதம் எளிது. ஒரு கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள்.

செவ்வாய்க் கோளில் ஊர்களுக்குச் சக்கரம் உண்டு. புழுதிப்புயல் துரத்தும், ஊர் முன்னால் ஓடும், நின்றால் புதைந்துபோகும். தலைவர் அருட்செம்மலின் பிறந்தநாள் ஒளிபரப்பில், அவர் தலைக்குப் பின்னால் எஞ்சின் சூட்டுவிளக்கு சிவப்பாக எரிந்து தொலைத்தது. அபசகுனம்! சூட்டுணரியின் கம்பியைப் பிடுங்கச் சொன்னார்.

சூட்டுணரி என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் முங்கிக் கிடக்கும் விரலளவுக் கருவி. நீர் சூடேற ஏற அதன் மின்தடை குறையும். அதை அளந்து கணினி விசிறியைச் சுழற்றும். கம்பியைப் பிடுங்கினாலோ தடைக்கு எல்லையே இல்லை. கணினி அதைக் கடுங்குளிர் என்று நம்பி, விசிறியை நிறுத்திவிட்டு எரிபொருளை இன்னும் ஊற்றும். சபையில் வெப்பம் காட்டும் பலகையில் 'மைனஸ் நாற்பது' என்று வந்தது. அதிகாரிகள் விசுவாசமாக ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டார்கள்.

எஞ்சினை ஒட்டிய வீட்டில் குடியிருந்த எஸ்தர், கைக்குழந்தையோடு சபைக்குள் புகுந்தாள். குழந்தையின் முதுகெல்லாம் கொப்புளம்.

"ஐயா, செவத்துல கை வைக்க முடியல. அந்தக் கம்பிய மாட்டச் சொல்லுங்க!"

"பலகையப் பாரும்மா," என்றார் தலைவர், நெற்றியைத் துடைத்தபடி. "ஊரே குளிர்ல நடுங்குது."

"அப்ப உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"உணர்ச்சிப் பெருக்கு," என்றார் செயலாளர்.

"பொறந்தநாளுக்கு மெழுகுவத்திய அணைப்பாங்க. நீங்க எஞ்சின் விளக்க அணைச்சிருக்கீங்க. எம்புள்ள வேகுதுய்யா!"

தலைவர் நெகிழ்ந்துபோனார். அவளுக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னார். அவள் அதை உருவி வீசியபோது, அடியில் எங்கோ 'கடக்' என்றது. எஞ்சின் இறுகிவிட்டது. ஊர் நின்றது. பின்னால் புயல் தெரிந்தது.

கோள்விட்டுக் கோள் தாவிய இனத்துக்கு, வண்டி நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரே உயிர்க்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கியது. குழந்தையையும் தன் கவசத்துக்குள் அணைத்துக்கொண்டு, எஸ்தர் ஒரு தோளைக் கொடுத்தாள்.

"தள்ளு! தள்ளு! ஏலே, சும்மா தடவிக்கிட்டு நிக்காம தள்ளுலே!"

தலைவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஒலிபெருக்கியில் முழங்கினார்: "ஒற்றுமை இல்லை! அதனால்தான் ஊர் நகரவில்லை!"

அவருடைய கால் பிரேக்கின் மேல் இருந்தது.