பொதுச்சுவர்

பீரோ கதவு கட்டிலில் இடித்து நின்றது.

சாத்திவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் பாதியிலேயே கட்டில் சட்டத்தில் டங்கென்று மோதித் திரும்பியது. வந்த அன்று இதே கதவை அகலத் திறந்துவைத்துத்தான் துணி அடுக்கினோம் என்பது நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்ததா? அன்றைக்கு இருந்த அலைச்சலில் எதைத்தான் சரியாகப் பார்த்தோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"ஏங்க, கட்டிலை நகர்த்துனீங்களா?"

கணவன் தொடைவரை மாவுக்கட்டு போட்ட வலது காலைக் கண்ணால் காட்டினான். "ஆமா. நீ தூங்குனதும் எந்திரிச்சு ஒரு டான்ஸ் ஆடினேன். அதுல நகர்ந்திருக்கும்."

"வெளையாடாதீங்க. ரூம் சின்னதா ஆன மாதிரி இருக்கு."

"கர்ட்டன் கடையில உக்காந்து துணியை அளந்து அளந்து, எதைப் பார்த்தாலும் உனக்குக் குறையுது. நான்கூட ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருப்பேன், பாரு."

சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தால்தான் இந்தச் சில வாரங்களைத் தள்ள முடியும். பழைய வீட்டு ஒப்பந்தம் முடிந்து சாவியைக் கொடுத்தாயிற்று. புது வீட்டில் இன்னும் குழாய் வேலை முடியவில்லை. அந்த நேரம் பார்த்து, வேன் ஓட்டுகிற இந்த மனுஷன் சரக்கு இறக்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவள் அண்ணன் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. காலுக்கு ஆட்டம் கொடுத்தால் எலும்பு கோணலாகச் சேரும், அப்புறம் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே தரைத்தளத்தில், கிடைத்த விலையில், இந்தப் பாதி ஹால். பெரிய ஹால் ஒன்றை நடுவில் பிளைவுட் பலகை அடித்து நீளவாக்கில் இரண்டாக்கியிருந்தார் வீட்டுக்காரம்மா.

மறுபாதியில் ஒரு சலூன்காரர். கடையும் அதன் மாடியில் இருந்த அறையும் இடித்துக் கட்டப்படுவதால் அவரும் இவர்களைப் போலவே இடைக்காலத்துக்கு ஒதுங்கியவர். அவர் இருமினால் காதுக்குப் பக்கத்தில் இருமுவதுபோல் இருக்கும். அவள் வேலைக்குப் போன பகல்களில் அவரும் கணவனும் முகம் பார்க்காமலே பலகை வழியாகப் பேசிப் பேசிச் சிநேகிதர்களாகியிருந்தார்கள்.

அன்று மாலை கூட்டும்போது விளக்குமாறு கட்டிலுக்கும் பலகைக்கும் நடுவே நுழையவில்லை. கூட்டுவதற்கென்றே அங்கே அவள் விட்டுவைத்திருந்த இடைவெளி இல்லை. கட்டில் பலகையோடு ஒட்டிக்கிடந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்திலிருந்து சலூன்காரரின் குரல் வந்தது.

"தங்கச்சி, கட்டிலைப் போட்டு இப்படித் தள்ளாதீங்க. சுவர் என் பக்கம் வருது."

"நாங்க எங்கண்ணே தள்ளுறோம்? நீங்கதான் தள்ளுறீங்க."

"ரெண்டு பேரும் நல்லா தள்ளுங்க. யார் ஜெயிக்கிறாங்கன்னு நான் பார்க்கிறேன்" என்றான் கணவன்.

அவள் இரண்டு அறைக்கும் பொதுவான நடைக்குப் போனாள். இரண்டு கதவுகளும் வந்த அன்று இருந்தபடியே அருகருகே இருந்தன. நடுவில் ஒரு முழம் சுவர்தான். சலூன்காரர் கதவைத் திறந்து ஒதுங்கினார். ஒதுங்கவும் இடமில்லாமல் முதுகை ஜன்னலில் ஒட்டிக்கொண்டார். அவர் கட்டிலும் பலகையோடு ஒட்டியிருந்தது. பெட்டியை எடுக்கப் பக்கவாட்டில் திரும்பித்தான் போகவேண்டும்.

"வந்தப்போ இங்க ஒரு நாற்காலி போட்டு நாலு பேருக்கு முடி வெட்டலாம்னு நெனச்சேன்மா" என்றார். இரண்டு பேரும் பலகையைப் பார்த்தார்கள். "உங்க பக்கமும் வருது, என் பக்கமும் வருதுன்னா, நடுவுல என்னதான் இருக்கு?"

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

போனில் வீட்டுக்காரம்மா அலுத்துக்கொண்டார். "மழை ஈரத்துக்குப் பலகை உப்பும்மா. காஞ்சா சரியாயிடும்." அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உப்பும், ஆமாம், பலகை உப்பும். மழை பெய்து எத்தனையோ நாளாகிறது என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

அதன்பிறகு சலூன்காரர் தூரமாகிக்கொண்டே போனார். இருமல் முதலில் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது, பிறகு எதிர்த்த தெருவிலிருந்து, பிறகு கிணற்றுக்குள் குனிந்து யாரோ இருமுவதுபோல். கணவன் வேடிக்கைக்காகப் பலகையில் தட்டுவான். வெறும் பலகையின் சத்தம் போய், நிரம்பிய மூட்டையைத் தட்டுவதுபோல் அமுங்கிய சத்தம் வரும். பதிலுக்கு அவர் தட்டுவது கேட்க வெகுநேரம் ஆகும், இவன் தட்டியதை மறந்து வேறு பேச்சுக்குப் போனபிறகு, எங்கிருந்தோ, டொக், டொக். பலகை இணைப்புகளில் ஒரு வாசனை கசிந்தது: பூட்டிவைத்த பெட்டிக்குள் இருக்கும் வாசனை, தலையணையில் ஊறிய எண்ணெய் வாசனை, பல பேர் நெருங்கிப் படுத்துத் தூங்கும் அறையின் வாசனை.

ஒரு மாலை அவள் வேலையிலிருந்து திரும்பியபோது இருமல் மறுபடியும் காதருகே கேட்டது.

"சலூன்காரர் கிட்ட வந்துட்டாரு" என்று கணவன் சந்தோஷப்பட்டான். "பாத்தியா? பலகை காஞ்சிடுச்சு."

நேரில் பார்த்துவிடலாம் என்று போனாள். அவர் செருப்பு வாசலில் இருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள். ஜன்னலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத்தான் தரை இருந்தது. கட்டில் இல்லை. பெட்டி இல்லை. ஆள் இல்லை.

இருமல் கேட்டது. பலகைக்குள்ளிருந்து.

ஓடிவந்து தன் கதவைத் தள்ளினாள். உள்பக்கம் திறக்கும் கதவு கட்டிலின் கால்மாட்டில் முட்டி நின்றது. காலையில் தாராளமாகத் திறந்த கதவு. பக்கவாட்டில் உடம்பைச் செருகி நுழைந்தாள், ரவிக்கைக் கை கிழிந்தது. கட்டிலை இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் பீரோ. நகர இடமில்லை.

"இங்க தொட்டுப் பாரு" என்றான் கணவன்.

தொட்டாள். காய்ச்சல்காரர் நெற்றிபோல் பலகை சூடாக இருந்தது.

அண்ணனுக்கு போன் செய்தாள். ஆள் கூட்டிக்கொண்டு உடனே கிளம்புவதாகச் சொன்னார், ஆனால் ஊரின் அந்தக் கோடியிலிருந்து வரவேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது. கட்டிலின் கால்மாட்டை அறுத்தெடுத்தால் கதவு திறக்கும். தெருமுனையில் தச்சர் இருக்கிறார்.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். அசையாம இருங்க."

"சீக்கிரம் வந்துடு" என்றான். அவ்வளவுதான். கேலி இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் கேலியில்லாமல் ஒன்று சொல்லி அவள் கேட்டதில்லை. கதவிடுக்கில் அவள் தன்னைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும்வரை அவள் முந்தானையைப் பிடித்திருந்தான். பிறகு விட்டான்.

தச்சர் கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "பூட்டிட்டு வரேன்மா, என்ன அவசரம்?"

"ரம்பத்தை மட்டும் குடுங்கண்ணே. நீங்க பின்னாடி வாங்க."

ரம்பத்தோடு ஓடினாள். தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. நடையில் இன்னும் விளக்கு இல்லை. கதவில் கைவைத்தாள்.

தாராளமாகத் திறந்தது.

ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா, திறந்துவிட்டது. பிறகுதான், இடிக்கவேண்டிய கட்டில் எங்கே என்று நினைத்தாள்.

அறை ஒரு சந்துபோல் நீண்டு கிடந்தது. கட்டில் இல்லை. பீரோ இல்லை. ஒரு பக்கம் செங்கல் சுவர், ஒரு பக்கம் பலகை.

"என்னங்க?"

பலகையின் அடிப்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மாவுக்கட்டின் நுனி. அதிலிருந்து ஐந்து விரல்கள்.

ரம்பம் கீழே விழுந்தது. உட்கார்ந்து இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்தாள். விரல்களில் உயிர் இருந்தது, அசைந்தன. ரம்பத்தை எடுக்கலாம் என்று ஒரு கையை நீட்டினாள். உடனே பாதம் உள்ளே வழுக்கியது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். எடுத்தாலும் எங்கே வைத்து அறுப்பது? வெட்டு இல்லை, விளிம்பு இல்லை. எங்கே பலகை முடிகிறது, எங்கே கால் தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

"நான் பிடிச்சிருக்கேங்க. விட மாட்டேன்."

உள்ளே யாரோ நகர்ந்து வழிவிடும் சத்தம். ஒருவர் இல்லை. பலர். பிறகு அவன் குரல், மிகப் பக்கத்தில், தூக்கக் கலக்கத்தோடு.

"வலி போயிடுச்சு. இங்க எடம் நெறைய இருக்கு."

பாதம் இழுபட்டது. மெதுவாக. அவள் இறுக்கினாள். விட்டால் அவன் போய்விடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

அவள் நகரவில்லை. ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

முதுகில் செங்கல் சுவர் குளிர்ந்தது. நெற்றியில் பலகை சூடாக வந்து படிந்தது.