சதுப்பு நிலத்துக்காரியின் பாட்டு

மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அதற்குள் பாடுகிறவள் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை.

டோப்ராவா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். கிராக்கவ் நகரத்து அந்த வீடியோ கேம் நிறுவனத்தில் நான்கு வருடமாக இசை அவள் பொறுப்பு. காட்டுக்கு, போருக்கு, சந்தைக்கு, சாவுக்கு என்று எல்லாவற்றுக்கும் மெட்டுப் போட்டவள் அவள்தான். ஆனால் கேமின் முகப்புப் பாட்டாக நேற்றுத் தேர்வானது, ஆறு மாதம் முன்பு வந்து சேர்ந்த லூத்விகாவின் பாட்டு. சதுப்பு நிலத்துச் சூனியக்காரி பாடுவதாக ஒரு நாட்டுப்பாட்டு. வயலுக்கு அப்பால் நிற்பவளைக் கூப்பிடுவதுபோல் திறந்த தொண்டை, அடியில் கைப்பிடி சுற்றி வாசிக்கும் லீரா என்ற தந்தி வாத்தியத்தின் ரீங்காரம். இயக்குநர் ஜெமோவித் அதை எழுந்து நின்று கேட்டார். டோப்ராவாவின் மெட்டுகளைக் கைப்பேசியைப் பார்த்தபடி கேட்பவர் அவர்.

லூத்விகாவாம்! இசைக் கல்லூரியில் டோப்ராவாவின் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவள்.

மதியம், பீட்ரூட் சூப்போடு எதிரில் வந்து உட்கார்ந்த லூத்விகாவிடம் கேட்டாள்: "மூச்சு சத்தத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டியா?"

லூத்விகாவின் கரண்டி பாதியில் நின்றது. "இல்லடி. அது நான் பாடினதே இல்ல."

"பின்ன யாரு?"

"பியெஷ்சாடி மலையில ஆளே இல்லாத ஊரு ஒண்ணு. அங்க ஒரு கிணறு. எதிரொலிக்காக மைக்கை உள்ள இறக்கினேன். சத்தியமா ஒரு சத்தமும் கேக்கல, டோப்ரா. வீட்டுல வந்து போட்டா, இது. நான் லீரா மட்டும்தான் சேர்த்தேன். ஜெமோவித் கிட்ட சொல்லிடாதே, என் குரல்னு நினைச்சிட்டிருக்காரு."

"நீயே பாடியிருக்கலாமே?"

"ரெண்டு வரி பாடினேன். நிறுத்த முடியல. என் புருஷன் கன்னத்துல அறைஞ்சுதான் நிறுத்தினாரு. நீ பாடிப் பாக்காதே, என்ன?"

டோப்ராவாவுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. கிணற்றில் கிடந்ததைப் பொறுக்கி வந்ததற்கா அத்தனை மரியாதை? பாடாதே என்கிறாள். தனக்கே வேண்டும், வேறென்ன.

நான்கரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. ஜன்னலில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவைச் சாத்திக்கொண்டாள். ஹீட்டரில் கருகும் தூசி, பழைய கம்பளம், சுவரின் பஞ்சு, எல்லாம் கலந்த வழக்கமான வாடை. லூத்விகாவின் பதிவைத் திறந்தாள். அந்தக் குரலை மட்டும் அணைத்தாள். லீரா ரீங்கரிக்கத் தொடங்கியதும், தன் குரலில் பாடினாள்.

முதல் வரியிலேயே உடம்பு சிலிர்த்தது. அவள் தொண்டை இப்படி ஒருநாளும் திறந்ததில்லை. நாளை ஜெமோவித் கேட்கட்டும். லூத்விகா தலைகுனிந்து நிற்கட்டும். இரண்டாம் வரி. மூன்றாம் வரி.

மூச்சு இழுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

நான்காம் வரி. ஈரக் கல்லின் வாடை வந்தது. பாசி வாடை. ஒவ்வொரு வரியாகப் போய், கடைசியில் லீரா முடிந்து ஹெட்போன் அமைதியானது. பதிவில் பாட்டு அவ்வளவுதான். அவள் பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத சொற்கள். நெஞ்சு அடைத்தது. கண் இருண்டது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரிந்தது. ஜெமோவித். பின்னால் லூத்விகா, முகம் வெளுத்து, கதவை நோக்கிப் பாய்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, உள்ளே பேசும் மைக்கின் பொத்தானை அழுத்தினார். "டோப்ராவா! என்னம்மா குரல் இது! நிறுத்தாதீங்க, அப்படியே போங்க!"

நான்கு வருடம் காத்திருந்த வார்த்தை.

அவள் பல்லைக் கடித்தாள். உதட்டை மூடினாள். இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்தினாள்.

பாட்டு நிற்கவில்லை.

ஜெமோவித்தின் சிரிப்பு மெல்லச் செத்தது. பொத்திய வாயையே பார்த்தபடி பின்னால் நகர்ந்தார்.

குரல் ஓங்கியது. கணீரென்று. டோப்ராவா ஒரு கையைக் கழுத்துக்கு இறக்கினாள். விரலுக்கு அடியில், தோலுக்கு உள்ளே, ஏதோ ஒன்று, கிணற்றுக்குள்ளிருந்து ஏறுவதுபோல் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்து, மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.