கை வந்து மூடும் வரை

பால் பொங்கி வழிந்து அடுப்பில் கருகிக்கொண்டிருந்ததை நரேஷ் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்தின் மேல் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளிப்படியில் இறங்கி நின்றான். கீழ்வீட்டு பெர்னதெத் ஆன்ட்டி வறுக்கும் மீனும், மழை நனைத்த சாக்கடையும், எதிர்க்கடையில் யாரோ விட்ட பீடிப்புகையும் ஒன்றாக மூக்கில் ஏறின. திரும்பப் படியேறி வாசலைத் தாண்டினான். எல்லாம் நின்றுபோயின. யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல.

அப்போதுதான் சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்டது. ஜீவனஹள்ளியில் அன்று தண்ணீர் விடும் நாள் இல்லை. குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது. ஆனால் அவன் விரலுக்கு அடியிலேயே, வெறும் தொட்டியில், எவர்சில்வர் குடம் நிரம்ப நிரம்பத் தண்ணீரின் குரல் ஏறிக்கொண்டே போய், வழியும் தறுவாயில் நின்று, மறுபடியும் குடத்தின் அடியிலிருந்து தொடங்கியது.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அதை இதே வீட்டில், கம்ப்யூட்டரில் கேட்டிருந்தான்.

அவன் மனைவி சங்கமித்ரா ஆடி மழையோடு வந்த காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோக்காரன் பெண்டாட்டிக்குப் போட்டோவே இல்லை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கேமராவைத் தூக்கினாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாண ஆல்பம் முழுக்கக் குனிந்த தலைதான். கடைசியில், கார்மெண்ட்ஸ் கம்பெனி அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, புத்தர் படத்துக்குக் கீழே மாட்டினார்கள். பெரிதாக்கியதில் முகம் புள்ளி புள்ளியாய்ப் பிரிந்து, யாரோ ஒருத்தி அங்கிருந்து பார்த்தாள்.

அவள் அவளாகவே இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நரேஷ் தான் வேலை பார்த்த ஸ்டுடியோவின் சின்ன டிஜிட்டல் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து விளையாட்டாக எடுத்த வீடியோ. குழாய்ச் சத்தம் கேட்கிறது. சமையலறை வாசலில் சங்கமித்ரா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். கேமராவைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். "ஐய, போதும் நிறுத்து. மூஞ்சிகூட கழுவல." கிட்டே வருகிறாள். கையை நீட்டி லென்ஸை உள்ளங்கையால் மூடுகிறாள். ஒரே இருட்டு. அந்த இருட்டுக்குள் அவள் சிரிப்பு கொஞ்சம். அவ்வளவுதான்.

அது இருந்த மெமரி கார்டு பெயரில்லாத மலிவுச் சரக்கு. கேமராவில் போட்டால் ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது. அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலிருந்த ஸ்டுடியோவில் நரேஷின் வேலையே கார்டுகளிலிருந்து படங்களை இறக்கிப் பத்திரப்படுத்துவதுதான். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் ஒன்று, சிடியில் ஒன்று, முதலாளி வீட்டு பீரோவில் இன்னொன்று என்று மூன்று இடத்தில் இருக்கும்.

"ஏன்டா, ஊரான் கல்யாணத்தையெல்லாம் மூணு எடத்துல வெக்கிற," என்றார் முதலாளி தேசிகன், கார்டைக் கையில் வாங்கிப் பார்த்து. "இவள இதுலயேவா வெச்சிருந்த?"

அவரே தன் நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காரு. இப்பவே எடு. எடுத்துட்டுக் கடைசி வரைக்கும் ஓட்டிப் பாரு. ஓட்டிப் பாக்காத காப்பி காப்பியே இல்ல, தெரியுமில்ல," என்றார்.

அன்று ஓட்டிப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. கார்டிலிருந்து நேராக, இரண்டு தரம் படிக்க வைத்து, இரண்டு சிடி எழுதினான். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டான். இன்னொன்றைப் பொம்மனஹள்ளிக்குக் கொண்டுபோய், தனியாக இருந்த மாமியார் முத்தம்மாவிடம் கொடுத்தான். அவள் அதைப் புடவை மடிப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டினாள்.

"இப்ப பாக்க மாட்டேன் நரேஷு. மனசு தாங்காது. அவ பொறந்த நாள் வரட்டும், வெளக்கேத்திட்டுப் பாக்கறேன்."

தன்னுடைய சிடியை அவன் வீட்டில் போட்டுப் பார்த்தது அந்தப் பால் பொங்கிய நாளுக்கு முந்தின நாள்தான். சங்கமித்ரா வாசலுக்கு வந்தாள். படம் அங்கேயே நின்றது. இடுப்புக்குக் கீழே சாம்பல் நிறம். சத்தம் மட்டும் ஓடியது, குடம் நிரம்புவதும் மறுபடி நிரம்புவதுமாக.

ஒரே மத்தியானத்தில் ஒரே கையால் எழுதின இரண்டு சிடி. இது இப்படி என்றால் அதுவும் இப்படித்தான் இருக்கும். அந்த அம்மாள் விளக்கேற்றி வைத்துவிட்டு, தலை வாரிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, மகள் பாதி சாம்பலாய் நிற்பதைப் பார்க்கப்போகிறாள். பிறந்த நாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் நல்ல காப்பி ஒன்று எடுத்து மாற்றிவிட வேண்டும். நரேஷுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

ஸ்டுடியோவில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. கெட்ட கார்டிலிருந்து படம் மீட்கும் புரோகிராம் ஒன்றை தேசிகன் கொடுத்தார். அது கார்டைத் திரும்பத் திரும்பப் படித்து, கிடைத்ததைக் கோர்த்துத் தரும். வேலையிலிருந்து வந்ததும் கார்டைச் செருகிவிட்டு உட்காருவான். நீலக் கோடு எறும்புபோல ஊர்ந்து திரையைக் கடக்கும். மழை தகரத்தில் விழும். சமையலறையில், இல்லாத குடம் நிரம்பிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காப்பியில் அவள் வாசலைத் தாண்டி வந்தாள். ஆனால் முகம் கட்டம் கட்டமாய் நகர்ந்து, கண் இருக்கும் இடத்தில் காதும், வாய் தோளுக்கு மேலுமாக நின்றுவிட்டது.

அன்று விளக்கை அணைத்துக் கட்டிலில் படுத்தபோது, கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டில் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்தத் தட்டுக்குள், அவன் முதுகுப்பக்கமிருந்த சமையலறை வாசல் தெரிந்தது. வாசலில் ஒரு உருவம் தெரிந்தது. தோள் பழகின தோள். அந்தத் தோளுக்கு மேல், இருக்கக்கூடாத இடத்தில், வெள்ளையாய் ஒரு பல்வரிசை. பக்கத்தில், இடுப்புக்குக் கீழே சாம்பலாய் இன்னொன்று.

"மித்ரா," என்றான்.

இரண்டும் அசையவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. உடம்பெல்லாம் குளிர்ந்து போயிருந்தது. ஆனாலும் அந்தக் குளிருக்கு அடியில், வெட்கப்படும்படியாக, ஒரு நிம்மதியும் இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதி. ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் பக்கத்தில் வந்தால் சோப்பும் வியர்வையும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்து ஒரு வாசனை வரும். இவற்றுக்கு வாசனை இல்லை. கேமராவுக்கு மூக்கு இல்லையே என்று தோன்றியதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான்.

மூன்றாவது காப்பியில் படமே வரவில்லை. குரல் மட்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு. "போதும்... போதும்... போதும்..." அன்றிலிருந்து அது கட்டிலுக்கு அடியில் இருந்தது. மெதுவாக, கோபமில்லாமல், கைக்குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

காலையில் படியிறங்கும்போது பெர்னதெத் ஆன்ட்டி துடைப்பத்தோடு வழிமறித்தாள்.

"ஏன்பா நரேஷ், மேல சொந்தக்காரங்க வந்துகிறாங்களா?"

"இல்லியே ஆன்ட்டி."

"பொம்பள கொரலு கேக்குதே. நடக்கறாங்க, நிக்கறாங்க. தண்ணி வேற ஓடிக்கினே கீது. இப்பிடி ஓடுனா டேங்க்கு காலியாயிடும்பா. யாரா இருந்தாலும் சொல்ப மெதுவா நடக்கச் சொல்லு." பிறகு அவன் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "நல்லதுதான். ஆம்பள தனியா எத்தினி நாளு இருப்ப. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலம் கெட்ட காப்பிகளை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தான். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. விரலைப் பட்டன் மேல் வைத்தான். கட்டிலடியில் குரல் நின்றது. வாசலில் நின்றது தலையைச் சாய்த்தது. தலை என்று சொல்லக்கூடியதை. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவன் குரல் கேட்டபோது அவள் சாய்த்த அதே சாய்ப்பு.

விரலை எடுத்துவிட்டான். இன்னொரு தரம் அவனால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் கரண்ட் இல்லை. பொழுது சாயும்போது வந்தது. நரேஷ் சாப்பிடாமல் கார்டைச் செருகினான். கொஞ்ச நேரத்திலேயே தொட்டால் சுட்டது. இந்தத் தடவையோடு செத்துவிடும் என்று அவனுக்குத் தெரிந்தது. நீலக் கோடு கிளம்பியது. போகவேண்டியது பொம்மனஹள்ளி வரை. மழை. முத்தம்மா விளக்கேற்றும் நேரம். கோடு பாதியில் நின்று, யோசித்து, நகர்ந்தது. "வா, வா," என்று கெஞ்சிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

செல்போன் அடித்தது.

"நரேஷு, நான்தான்."

"அத்தே, அந்த சிடியப் போட்டுடாதீங்க. அதுல கோளாறு இருக்கு. நான் வேற எடுத்துக்கினு வரேன்."

"போட்டுட்டேனேப்பா." அழுத குரல். ஆனால் வயிறு நிறைந்தவள் குரல். "என்னா கோளாறு? தங்கமாட்டம் ஓடுது. முழுசாப் பாத்தேன். கடைசில கைய வெச்சு மூடறா பாரு, திருட்டுக் கழுதை."

நரேஷ் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் அழுகையானது. நன்றாக இருந்திருக்கிறது. ஒன்றாவது நன்றாக இருந்திருக்கிறது.

"ஆனா டிவிய அணைச்சுட்டேன் நரேஷு. தண்ணி சத்தம் மட்டும் நிக்கல."

அவன் கையிலிருந்த போன் கனத்தது. சமையலறை வாசலைப் பார்த்தான். பாதி சாம்பலாய் ஒன்று. முகம் நகர்ந்து ஒன்று. கட்டிலடியில் ஒன்று. இத்தனை நாளும் ஒரு அடி முன்னால் வராமல் நின்றவை. ஏன் வரவில்லை என்று அவன் ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. காப்பி கெட்டுப்போன இடத்தில் நின்றுவிட்டார்கள். கெட்டுப்போகாதது நிற்காது. கடைசி வரை ஓடும்.

"அத்தே, கதவத் தொறந்து வெளிய வாங்க. மொதல்ல வெளிய வாங்க. அப்புறம் சொல்றேன்."

"இரு இரு. சமையக்கட்டுல யாரோ..." மூச்சு. நாற்காலி நகரும் ஓசை. "அடியே. மித்ரா."

"அத்தே."

"வா கண்ணு. எவ்ளோ தெளிவா இருக்கடி. நரேஷு, ஊதுவத்தி ஏத்தி வெச்சேன்பா, அந்த வாசனகூட காணோம்..."

அப்புறம் வேறொரு குரல். ரிசீவருக்கு மிகப் பக்கத்தில். கீறல் இல்லாமல், கரகரப்பு இல்லாமல்.

"ஐய, போதும் நிறுத்து. மூஞ்சிகூட கழுவல."

ரிசீவரை யாரோ உள்ளங்கையால் பொத்தியதுபோல ஒரு மந்தமான சத்தம். அதற்குள் கொஞ்சம் சிரிப்பு. போன் துண்டிக்கப்படவில்லை. "அத்தே, அத்தே," என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் மூடிய இருட்டு மட்டும், கேட்டுக்கொண்டு.

திரையில் நீலக் கோடு முடிந்தது.

கார்டைப் பிடுங்கு. கை போனது. கார்டைத் தொட்டது. சுட்டது.

படம் தானாகத் திறந்துகொண்டது.

முகம். முழு முகம். உதட்டைக் கடித்த சிரிப்பு, மூக்கோரம் வியர்வை, கலைந்த வகிடு. ஆடி மாசத்திலிருந்து அவன் பார்க்காத முகம். பிடுங்கினால் போதும். பிடுங்கவில்லை. கார்டின் மேல் விரல் கிடந்தது. பொசுங்கியது. வாசனை வரவில்லை.

கடைசி வரை பார்த்தான்.

கை. இருட்டு. சிரிப்பு.

குழாய் நின்றது.

கட்டிலடிக் குரலும் நின்றது. வீட்டில் மழைச் சத்தம்கூட இல்லை. நரேஷ் நாற்காலியோடு மெல்லத் திரும்பினான். அவள் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. கெட்டுப்போன காப்பிகளில் வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டிருந்தார்கள்.

"மித்ரா, உங்கம்மாவ என்ன பண்ண?"

அவள் உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்கினாள். அவளிடம் இருந்த சொற்கள் அவ்வளவுதான்.

"ஐய, போதும் நிறுத்து. மூஞ்சிகூட கழுவல."

கை நீண்டது. ஆள்காட்டி விரலில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு. அதே தழும்பு. கிட்டே வர வர, உள்ளங்கை ரேகைகள் குட்டிக் குட்டிக் கட்டங்களாய்ப் பிரிந்தன. சூடில்லை. குளிருமில்லை. வாசனை இல்லை. நெற்றியில் பட்டது. கண்ணில் பட்டது.

விரல்களுக்கு நடுவே இன்னும் ஒரு இடுக்கு இருந்தது. அதன் வழியே சமையலறை வாசல். அங்கே பாதி சாம்பலாய் நின்றவளுக்கு, இடுப்புக்குக் கீழே, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாய்ப் புடவை நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. மடிப்பு வந்தது. கொலுசு வந்தது. பாதம் வந்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளின் வாய் தோளிலிருந்து நகர்ந்து, முகத்துக்குள் போய், தன் இடத்தில் உட்கார்ந்தது. உதட்டைக் கடித்தது.

இருவரும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் அடியை எடுத்து வைத்தார்கள்.