காற்று எப்படி என்று கேட்டேன்

சனிக்கிழமை மதியம் சான் இசித்ரோ கரைக்கு எதிரே ஆற்றில் பாய்ப்படகை நிறுத்தி நங்கூரம் போட்டோம், நானும் என் மனைவி நெலிதாவும். மே மாதம், இங்கே இலையெல்லாம் பழுத்துக் கொட்டுகிற காலம். வார இறுதி வானிலையை வானொலியில் ஒருவன் வாசித்தான். இன்று வடமேற்குக் காற்று பலமாக அடிக்குமாம், ஞாயிறு மதியம் ஓயுமாம், பிறகு தென்கிழக்குக்குத் திரும்புமாம். அணைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து காற்றை வாசிக்கிறவனை நான் நம்பினதில்லை.

வடமேற்கு அடித்தால் பிளாத்தா ஆற்றின் தண்ணீர் கடல் பக்கம் ஓடிவிடும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இவ்வளவு ஓடும் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிறு காலையில் படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது. சுற்றிலும் பழுப்புச் சேறு, செத்த மீன் நாற்றம்.

நெலிதாவின் நெஞ்சு மாத்திரை தீர்ந்திருந்தது. கரை எதிரேதானே தெரிகிறது, நடந்துவிடலாம் என்று அனத்திக்கொண்டே இருந்தாள். தண்ணீர் திரும்பும்போது நடுச்சேற்றில் நிற்கிறவன் பிழைக்கமாட்டான் என்றேன். கரையிலிருக்கிற படகு கிளப்பை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். ஆள் அனுப்ப முடியுமா பார்க்கிறோம் என்றார்கள். பார்ப்பார்கள், பார்ப்பார்கள்.

மதியம் காற்று சட்டென்று நின்றது. பனிமூட்டம் இறங்கிக் கரையை மூடியது.

அப்புறம் அந்தச் சத்தம்.

சளக். சளக். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி எவனோ வந்துகொண்டிருந்தான்.

"கிளப்புலேர்ந்து வர்றேம்மா," என்றது ஒரு ஆண்குரல். "சேறு கெட்டியாத்தான் இருக்கு. இறங்குங்க, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

நெலிதா பையைத் தோளில் மாட்டி, ஒரு காலைப் படகின் விளிம்புக்கு வெளியே போட்டுவிட்டாள்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. எனக்கு யாரையும் பிடிக்காது, அது வேறு. இந்த ஆற்றில் படகுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் காற்றை விசாரிப்பார்கள். அவன் விசாரிக்கவில்லை. நானே கேட்டேன்.

"காத்து எப்படிப்பா?"

"வடமேற்கு," என்றான். "பேயா அடிக்குது. கண்ணையே தொறக்க முடியல."

பாய்மரத்தில் கட்டியிருந்த துணிப்பட்டை செத்த எலியின் வால்மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. விரலை எச்சில் பண்ணித் தூக்கினேன். கடல் பக்கம் மட்டும் சில்லென்றது. தென்கிழக்கிலிருந்து ஒரு மூச்சு, அவ்வளவுதான்.

அவன் எந்த வருஷத்துக் காற்றில் நின்றுகொண்டிருந்தானோ.

நெலிதாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன்.

"விடு கிழவா. என்னைக் கொன்னுட்டுத்தான் ஓய்வியா?"

"அவன் சொல்ற காத்து எங்கடி அடிக்குது?"

அவள் துணிப்பட்டையை நிமிர்ந்து பார்த்தாள். வெளியே போட்ட காலை மெதுவாக உள்ளே எடுத்தாள்.

சத்தம் படகை ஒட்டி வந்து நின்றது. அழுகின கயிற்று நாற்றம் ஏறியது. விளிம்பில் விரல்கள் வந்து பிடித்தன. சேறு பூசின விரல்கள் இல்லை.

சேறே விரலாகியிருந்தது.

"அம்மாவை மட்டும் குடுங்க," என்றது, கிசுகிசுவென்று.

கொக்கித்தடியை எடுத்தேன்.

"என்னைத் திட்டிக்கிட்டே எங்கூட இருந்து கிழவியானவ இவ. உனக்குத் தூக்கிக் குடுக்கவா? வேணும்னா நீ ஏறி வாடா."

ஓங்கிக் குத்தினேன். பிடி விடவில்லை. நெலிதா மாத்தே டீக்குக் கொதிக்க வைத்திருந்த தண்ணீரைக் கெட்டிலோடு கொண்டுவந்து அந்த விரல்கள்மேல் ஊற்றினாள்.

"நான் உனக்கு அம்மா இல்லடா," என்றாள்.

விரல்கள் கரைந்து வழிந்தன.

கொஞ்ச நேரத்தில் தென்கிழக்குக் காற்று வந்தது. அதன் பின்னாலேயே இரைச்சலோடு தண்ணீர். படகைத் தூக்கி நிமிர்த்தியது. நடந்திருந்தால் அப்போது பாதி வழியில் இருந்திருப்போம். மாலையில் கரையேறி மாத்திரை வாங்கினோம். கிளப்பில் கேட்டேன். யாரையும் அனுப்பவில்லையாம்.

இனி அங்கே போகாதே என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். ஆறு என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? இலை உதிரும் காலத்துச் சனிக்கிழமைகளில் அதே இடத்தில்தான் நங்கூரம் போடுகிறோம். தண்ணீர் நிறைந்து, காற்றே இல்லாமல் சங்கிலி தொய்ந்து கிடக்கும்போது, அடியிலிருந்து எவனோ சுண்டி இழுக்கிறான். நானும் சங்கிலியைப் பிடித்துத் திருப்பி இழுக்கிறேன்.

போன சனிக்கிழமை அவன் பிடியை விடவில்லை.

நானும் விடவில்லை.