பதினான்காம் வரி

இரண்டேகால் மணிக்கு வார்டில் இருமல் நின்றுபோனது.

முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்றாம் கட்டில் அம்மாள் இரவெல்லாம் தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பார். ஒன்பதாம் கட்டில் பெண் பல்லை நறநறவென்று கடிப்பாள். இருபத்தேழின் குறட்டை கண்ணாடி அறைக்குள் இருக்கும் நர்ஸுக்கே கேட்கும். மனநல வார்டில் எட்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இந்தச் சத்தங்கள்தான் கடிகாரம். இப்போது மின்விசிறிகள் சுற்றும் ஓசையும், ஈரத்துணியும் பினாயிலும் கலந்த வாடையும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

அவளுக்கு இது தொடர்ந்து ஐந்தாவது இரவு. முப்பத்திரண்டு கட்டில்களுக்கு மூன்று நர்ஸ் இருக்க வேண்டும். ஒருத்தி வேலையை விட்டுப் போய்விட்டாள். இன்னொருத்தியைப் பதினோரு மணிக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மேட்ரன் போனில் தேனாகப் பேசினார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர். நீங்க இருக்கீங்கன்னா எனக்குக் கவலையே இல்ல."

கால் மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், முகத்தைப் பார்த்து, மூச்சைக் கவனித்து, தாளில் எழுத வேண்டும். தூங்கினால் 'தூ', விழித்திருந்தால் 'வி'. ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றுக்கு நேரமாகிவிடும். தண்ணீர் குடிக்கக்கூட உட்கார முடியாது.

அதனால், ஒரு மணிக்கு, அவள் ஒரு காரியம் செய்தாள். காலை ஐந்தே முக்கால் வரைக்கும் எல்லாக் கட்டத்திலும் 'தூ' என்று எழுதி வைத்தாள். மடமடவென்று, வரி வரியாக. செய்வது தப்பு என்று தெரியும். கை கேட்கவில்லை.

பதினான்காம் வரியில் மட்டும் பேனா நின்றது.

பதினான்காம் கட்டிலில் இருந்தவர் ஒரு தையற்காரம்மா. உயிரை விடப் பார்த்து, பிழைத்து வந்தவர். முந்தின நாள் மாலை மாத்திரை கொடுக்கப் போனபோது அவர் அவளுடைய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது பட்டன் தொங்குது சிஸ்டர். எனக்கு ஊசி குடுக்க மாட்டாங்களே, இல்லன்னா ஒரு நிமிஷ வேலை. ஆமா, நீ சாப்பிட்டியா?"

அன்று முழுக்க அவளிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள். அவள் பட்டனைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரமா வச்சிருங்கக்கா. வீட்டுக்குப் போனதும் தச்சுக் குடுக்கணும். ராத்திரி ஒவ்வொரு தடவையும் நானே வந்து பார்ப்பேன்."

"இதுக்காகவே வீட்டுக்குப் போகணுமா? பலே ஆளும்மா நீ!" என்று அவர் சிரித்தார். வந்த நாள் முதல் அதுதான் அவருடைய முதல் சிரிப்பு.

அந்த வரியில் பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. வெறுமையாக விட்டாள்.

இப்போது டார்ச்சை எடுத்துக்கொண்டு, சத்தம் நின்ற வார்டுக்குள் நடந்தாள். இடது செருப்பின் அடி பிளந்திருந்ததால் அடிக்கொரு முறை 'கீச்' என்றது. மூன்றாம் கட்டில் அருகே நின்றாள்.

கீச்.

கோடியில், இருட்டில், அந்தச் சத்தம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் கட்டில் அம்மாளின் தோளைத் தொட்டாள். சூடாக இருந்தது. மூச்சு வந்தது. உலுக்கினாள். எழவில்லை. நான்கு, ஐந்து, ஆறு, எவரும் எழவில்லை. எல்லோரும் வலப்பக்கமாகப் படுத்திருந்தார்கள். எல்லோருக்கும் கை கன்னத்தின் கீழே. டார்ச் வெளிச்சத்தில் அத்தனை போர்வைகளும் ஒன்றாக மேலே எழுந்தன. ஒன்றாகக் கீழே இறங்கின.

மொபைலில் டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். "யாருமே முழிக்க மாட்டேங்கிறாங்க டாக்டர்!"

"ராத்திரி ரெண்டரைக்குத் தூங்குறாங்கன்னா நல்லதுதானே சிஸ்டர்?" கொட்டாவியோடு தொடர்பு அறுந்தது.

பதினான்காம் கட்டிலில் தையற்காரம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கண்கள் விரிந்திருந்தன.

"இது நீதானே?"

"நான்தான்க்கா."

"கொஞ்ச முன்னாடி ஒண்ணு வந்துச்சு. உன் மூஞ்சி. உன் நடை. டார்ச் அடிச்சுது, ஆனா என்னைப் பார்க்கல. தாளைத்தான் பார்த்துச்சு." அவர் கையை விரித்தார். வெள்ளைப் பட்டன். "அது சட்டையில ரெண்டாவது பட்டன் இருந்துச்சும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி அறையில் அவளுடைய நாற்காலியில் ஒருத்தி குனிந்திருந்தாள். பிறகு எழுந்தாள். தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கீச். கீச்.

கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றது. அவளுடைய முகம்தான், கண்ணுக்குக் கீழே அவளுடைய கருவளையம்தான். அந்த முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. பேனா பதினான்காம் வரியில் இறங்கியது.

"ஏம்மா, இது உன்..." தையற்காரம்மாவின் தலை பாதிப் பேச்சில் சாய்ந்தது. வலப்பக்கமாக. கை கன்னத்தின் கீழே போனது.

அவள் தாளைப் பிடுங்கினாள். விரல்களில் பட்டது குளிர்ந்த தன் விரல்களே. அக்காவின் முகத்தை இரு கையாலும் திருப்பி, உற்றுப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம். உதட்டோரத் தழும்பு. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். பார்த்துக்கொண்டே, எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'வி' என்று எழுதினாள்.

தையற்காரம்மா கண்ணைத் திறந்தார்.

அவளுக்குப் புரிந்தது. மற்றவர்களையும் இப்படி எழுப்ப முடியும். ஒவ்வொருவரையும் உண்மையாகப் பார்த்தால் போதும். ஆண்டவனே, அவ்வளவுதான். எழுந்து மூன்றாம் கட்டிலுக்கு ஓடினாள். குனிவதற்குள் பின்னால் பேனா கீறும் சத்தம். கையில் இருந்த தாள் இல்லை. திரும்பி ஓடிவந்தாள். மறுபடி பிடுங்கினாள். மறுபடி எழுப்பினாள்.

இருப்பது ஒரு ஆள். கட்டில்கள் முப்பத்திரண்டு.

தையற்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் விடாமல் பேசினார். ரவிக்கைக் கைக்குத் துணி வெட்டுவது எப்படி, அளவு தப்பினால் எந்த வாடிக்கையாளர் எப்படித் திட்டுவார் என்று. அவள் தலை சாயும்போதெல்லாம் தோளில் தட்டினார். "தூங்கிடாதம்மா. ஆறு மணிக்கு ஆள் மாத்துவாங்க இல்ல? அது வரைக்கும்தான்."

கால் மணிக்கு ஒரு முறை முகத்தைப் பார்த்தாள். எழுதினாள். கால்மாட்டில் அது காத்திருந்தது. மூன்று மணி. நான்கு. ஐந்து. ஜன்னல் வெளுத்தது. ஐந்தே முக்கால்.

ஆறு.

கதவு திறக்கவில்லை. மொபைல் அடித்தது.

"சிஸ்டர், காலை டியூட்டிக்கு வர்றவங்களுக்கு உடம்பு சரியில்லையாம்." தேன் குரல். "மத்தியானம் வரைக்கும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. நீங்க இருக்கீங்கன்னா எனக்குக் கவலையே இல்ல."

முடியாது மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"சரிங்க மேடம்," என்றது கால்மாட்டில் நின்றது. அவளுடைய குரலில்.

போன் அணைந்தது. முப்பத்தொரு போர்வைகள் காலை வெளிச்சத்தில் ஒன்றாக ஏறி இறங்கின. அது ஒரு புதிய தாளை அட்டையில் செருகியது. ஸ்கேலை வைத்து, முப்பத்திரண்டாம் வரிக்குக் கீழே பொறுமையாக இன்னொரு கோடு போட்டது. பிறகு முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவளுடைய இமைகள் தானாக மூடின.

"சிஸ்டர்! கண்ணைத் திற! என்னைப் பாரும்மா!" தையற்காரம்மா அவளைப் பிடித்து உலுக்கினார். அவர் கையிலிருந்து பட்டன் விழுந்து தரையில் உருண்டது.

முப்பத்து மூன்றாம் வரியில் பேனா எழுதத் தொடங்கியது. அவளுடைய வலக்கை, அவள் சொல்லாமலே, கன்னத்தை நோக்கி எழுந்தது.